நெடி போகும் வழி

அந்தச் சுற்றறிக்கை போனில் வந்தபோது சாப்பாட்டுக் கடைக்காரி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதனால் அவள் கண்ணில் வந்த தண்ணீருக்குச் சுற்றறிக்கைதான் காரணம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

பதினைந்து மாதம் மூடிக்கிடந்த பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. அடுத்த திங்கட்கிழமை முதல் நேரடி வகுப்பு. முதல் இரண்டு பத்திகளைப் படித்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது பத்தியில்தான் வைத்திருந்தார்கள் ஆப்பு: "உணவகம் நடத்துவோர், உணவகங்களில் வேலை செய்வோர் ஆகியோரின் பிள்ளைகள் மறு அறிவிப்பு வரும்வரை வீட்டிலிருந்தே பாடம் கற்க வேண்டும். சனிக்கிழமை நடக்கும் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் இது உறுதி செய்யப்படும்."

அவளுடைய நாத்தனார் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். கடைக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ரேடியோ. பரிமாறும்போதும் பேசுவாள், பாத்திரம் கழுவும்போதும் பேசுவாள், பேச ஆளில்லாவிட்டால் துடைப்பத்தோடு பேசுவாள்.

"அண்ணி, உணவகம் நடத்துவோர்னு பொதுவா எழுதிட்டா நமக்குத் தெரியாதாக்கும்? அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளைங்கள்ல கடை வச்சிருக்கிறது நாம மட்டும்தான். நம்ம பட்டாணி பேரைப் போடலையே தவிர மத்ததெல்லாம் போட்டுட்டாங்க."

பட்டாணி என்பது கடைக்காரியின் மகள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அதே வாரம் நோய் வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. தைத்த சீருடையை ஒரு நாள்கூடப் போடாமலேயே இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது குழந்தை. கடைக்குப் பின்னால் மூட்டைகள் அடுக்கிய அறையில் ஒரு முக்காலி, அதன் மேல் போன், அதற்கு முன்னால் பட்டாணி. இவ்வளவுதான் அதற்குத் தெரிந்த கல்வி.

போன வாரம் டீச்சர் 'என் பள்ளிக்கூடம்' என்று ஒரு படம் வரையச் சொல்லியிருந்தார்கள். பட்டாணி ஒரு நீளக் கட்டம் போட்டு, மேல் மூலையில் சிலந்திவலை மாதிரி நாலு கோடு இழுத்திருந்தது. "இது என்னடி?" என்று கேட்டால், "விரிசல்மா. நம்ம போன்ல இருக்குல்ல" என்கிறது. பள்ளிக்கூடத்தை வரையச் சொன்னால் போனை வரைந்து வைத்திருக்கிறது குழந்தை! அன்றைக்குக் கடைக்காரிக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. எப்படியாவது இந்தப் பெண்ணை ஒரு பெஞ்சில், நாலு பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று அன்றே மனசுக்குள் முடிவு செய்திருந்தாள்.

இப்போது கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

தலைமையாசிரியை நல்ல மனுஷிதான். ஆனால் களைத்துப்போயிருந்தார். "நான் என்னம்மா செய்ய? சங்கத் தலைவர் ஒத்தக் கால்ல நிக்கிறார். ஏசி ஹாலை வகுப்பா மாத்திட்டோம். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, பெஞ்சுக்கு நடுவுல பிளாஸ்டிக் தடுப்பு வச்சு, கைகழுவக் குழாயும் போட்டாச்சு. இவ்வளவும் செஞ்சிட்டு, முகத்தை மூடாம பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடுற இடத்துலேருந்து ஒரு பிள்ளையை எப்படிச் சேர்க்கிறதுன்னு கேக்கிறார். எனக்குப் பதில் தெரியல."

சங்கத் தலைவர் வேறு யாருமில்லை, மருந்துக்கடைக்காரர். தினமும் மதியம் அவளிடம் பார்சல் வாங்கிக்கொண்டு போகிறவர்! வாசலில் ஆறடி தள்ளி நிற்பார். பொட்டலத்தின் மேல் மருந்தை நாலு தடவை அடித்து, ஏதோ குண்டு தூக்குகிறவர் போல இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போவார். சாப்பாட்டை மட்டும் ஒரு நாளும் மிச்சம் வைத்ததில்லை.

"நம்ம சாப்பாடு ஆகும், நம்ம பிள்ளை ஆகாதாமா?" என்று ரேடியோ குதித்தாள். "நாளைக்கு அவர் பார்சல்ல உப்பை அள்ளிப் போடுறேன், பாருங்க."

"சும்மா இருடி. அவர் வீட்டுல அம்மா இருக்காங்க, பாவம், நுரையீரல் பாதி வேலை செய்யல. அந்த பயம் அவருக்கு." கோபத்திலும் கடைக்காரிக்கு நியாயம் தவறாது. அதுதான் அவளிடம் உள்ள தொந்தரவு.

அவளுக்கு மட்டும் பயம் இல்லையா என்ன? கடையை மறுபடி திறந்த நாளிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தாள். எட்டு மேசையை ஐந்தாக்கினாள். மேசையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துத் துடைத்து மேல்பூச்சே உரிந்துபோனது. வயதானவர்கள் வந்தால் உள்ளே கடைசி மூலை மேசைதான். வாசலில் போகிறவர் வருகிறவர் மூச்சு படக்கூடாது என்று அதற்கு மூன்று பக்கம் பலகைத் தடுப்பு வைத்திருந்தாள். ஓய்வு பெற்ற தபால்காரரும் அவர் மனைவியும் வாரத்தில் நாலு நாள் அங்கேதான் உட்காருவார்கள். "கடையிலேயே பத்திரமான இடம் இதுதான்" என்று பெருமையாகச் சொல்லி உட்கார வைப்பாள்.

அந்தப் பெருமை வியாழக்கிழமை மதியம் உடைந்தது.

ரேடியோ அடுப்பில் வாணலியை வைத்து, காய்ந்த மிளகாயை ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று போனை எடுத்தாள். பேச்சு சுவாரசியத்தில் மிளகாய் கருகிக் கரியானது. நெடி என்றால் சாதாரண நெடி இல்லை, உயிர் போகிற நெடி! கடைக்காரி ஓடிவந்து அடுப்பை அணைப்பதற்குள் கடையில் இருமல் கிளம்பிவிட்டது.

அந்த நாட்களில் இருமல் என்பது லேசுப்பட்ட குற்றமா? ஒருத்தர் இருமினாலே பக்கத்தில் இருப்பவர் நாற்காலியோடு நகர்ந்துவிடுவார். இங்கே எல்லாரும் சேர்ந்து இருமியதால் யாரைப் பார்த்து யார் ஓடுவது என்று தெரியாமல், எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலுக்குப் பாய்ந்தார்கள்.

எல்லாரும் என்று சொன்னது தப்பு. வாசலை ஒட்டிய மேசையில் இருந்த ஓட்டுநர் நிமிரக்கூட இல்லை. "என்னாச்சு? எதுக்கு எல்லாரும் ஓடுறாங்க?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். மூலையிலோ தபால்காரரும் அவர் மனைவியும் இருமி இருமி முகம் சிவந்து, எழுந்திருக்கவே முடியாமல் தடுப்பைப் பிடித்துக்கொண்டு தவித்தார்கள். கடைக்காரிதான் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தாள். அவர்கள் ஆசுவாசமாகிச் சிரித்துவிட்டுப் போன பிறகும் மூலையில் போய் நின்று பார்த்தாள். வாசலில் நெடியே இல்லை. மூலையில் அரை மணி நேரம் கழித்தும் கண் எரிந்தது.

அடுப்பிலிருந்து வாசல் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்தான் மூலையும். அங்கே வராத நெடி இங்கே வந்து, வந்ததும் போகாமல் உட்கார்ந்திருக்கிறது. அப்படியென்றால் ஒருத்தர் வாயிலிருந்து வருகிற மூச்சு?

நாலு மாதமாக, தள்ளாத வயதில் இருந்த இரண்டு பேரை, பத்திரம் பத்திரம் என்று சொல்லி, கடையிலேயே மோசமான காற்றில் உட்கார வைத்திருக்கிறாள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அவள் சாமர்த்தியம் இல்லை, வெறும் அதிர்ஷ்டம்.

"அண்ணி, மன்னிச்சிடுங்க. இனிமே அடுப்புப் பக்கம் போனே எடுக்க மாட்டேன்" என்று ரேடியோ அழ ஆரம்பித்தாள்.

"அழாதடி. இன்னும் ஒரு கை மிளகாய் எடுத்துட்டு வா."

"ஐயோ! எதுக்கு?"

"இந்தத் தடவை வேணும்னே கருக்கணும்."

அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் கடை மூடியே இருந்தது. ரேடியோ ஒவ்வொரு மேசையாக உட்கார வேண்டும். கடைக்காரி இரண்டே இரண்டு மிளகாயைக் கருக்கிவிட்டு, எண்ணத் தொடங்குவாள். எத்தனை எண்ணும்போது இருமல் வருகிறது என்று சுவரில் சாக்பீஸால் எழுதுவாள். மூலை மேசையில் முப்பதுக்கே இருமல். தடுப்புப் பலகைகளை எடுத்த பிறகு ஐம்பது. பின்பக்கம் வருஷக்கணக்காக மூடியிருந்த ஜன்னலைச் சுத்தியலால் தட்டித் திறந்து, அதில் மேசை விசிறியை வெளியே பார்க்கத் திருப்பி வைத்ததும், இருநூறு எண்ணியும் இருமல் வரவில்லை.

"என்னை இருமல் மீட்டர் ஆக்கிட்டீங்களே அண்ணி, நல்லா இருப்பீங்களா?" என்றாள் ரேடியோ, மூக்கைச் சிந்திக்கொண்டே.

"நீதான்டி நல்லா இருக்கணும். நாளைக்குக் கூட்டத்துக்கு உன்னையும் கூட்டிட்டுப் போறேன்."

சனிக்கிழமை காலை ஏசி ஹாலில் நாற்பது பெற்றோர் இருந்தார்கள். எல்லார் முகத்திலும் மாஸ்க். வாசலில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி நீட்டிச் சூடு பார்த்தார்கள். ஹால் ஜில்லென்று இருந்தது. புதுப் பிளாஸ்டிக் தடுப்புகள் பளபளத்தன. பார்த்தால் எவருக்கும் நம்பிக்கை வரும். மருந்துக்கடைக்காரர் எழுந்து, யார் மனசும் நோகாதபடி பேசினார். "எனக்கு யார் மேலயும் வருத்தம் இல்ல. ஆனா ஹோட்டல்ல யார் வர்றாங்க, போறாங்கன்னு நமக்குத் தெரியுமா? நம்ம பிள்ளைங்க பத்திரம்தான் முக்கியம்."

கடைக்காரி பொறுமையாகப் பேச வேண்டும் என்றுதான் வந்தாள். வாய் கேட்கவில்லை. "அண்ணே, காய்ச்சல் வந்தவங்க முதல்ல ஓடிவர்றது என் கடைக்கா, உங்க கடைக்கா?"

அவ்வளவுதான், ஹாலில் தீப்பிடித்தது. அப்படிப் பார்த்தால் மருந்துக்கடைப் பிள்ளை வரலாமா என்றார் ஒருவர். நர்ஸ் பிள்ளை என்றார் இன்னொருவர். பஸ் ஓட்டுகிறவர், முடி வெட்டுகிறவர், வீடு வீடாகப் பால் போடுகிறவர் என்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லிச் சொல்லிக் கழித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு வரத் தகுதியானவர்கள் என்று மிஞ்சியது, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் ஒருவரின் இரட்டைப் பிள்ளைகள் மட்டும். அவரும் எழுந்து, "என் மாமனார் காய்கறி மார்க்கெட்ல இருக்கார்" என்று உண்மையை ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார்.

"போதும்!" என்று தலைமையாசிரியை மேசையைத் தட்டினார். "ஏம்மா, சண்டை மூட்டத்தான் வந்தீங்களா?"

"இல்லைங்க மேடம். நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் மூலை மேசைக் கதையைச் சொன்னாள். தபால்காரரையும் அவர் மனைவியையும் நாலு மாதம் எங்கே உட்கார வைத்திருந்தாள் என்பதை, ஒரு வார்த்தை மறைக்காமல் சொன்னாள். "துடைச்சேன், தடுப்பு வச்சேன், மூலையில ஒதுக்கினேன். நான் நல்லது செய்யறதாத்தான் நினைச்சேன். காத்து எங்க போகுதுன்னு மட்டும் பார்க்கல. இந்த ஹாலைப் பார்த்தா எனக்கு என் மூலை மேசைதான் ஞாபகம் வருது."

"இது புது ஹால்மா. ஏசி ஓடுது" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஓடுது அண்ணே. இருக்கிற காத்தையே சுத்திச் சுத்தி ஓட்டுது. என் பேச்சை நம்ப வேண்டாம். உங்க மூக்கை நம்புங்க. மூச்சிரைப்பு இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, மூச்சுல எந்தக் கோளாறு இருக்கிறவங்களும் தயவுசெஞ்சு வெளியில போய் மரத்தடியில நில்லுங்க. மத்தவங்க அஞ்சே நிமிஷம் இருங்க."

பையிலிருந்து சின்ன அடுப்பும் வாணலியும் வெளியே வந்தன. தலைமையாசிரியை வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். ஹாலின் முன் மூலையில், கரும்பலகை அருகே, ஐந்து மிளகாய் வாணலியில் விழுந்தது. மருந்துக்கடைக்காரர் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவருக்கு முன்னால் ஆறு பிளாஸ்டிக் தடுப்பு.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." ரேடியோ சத்தமாக எண்ணினாள். அவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை பிறந்ததிலிருந்து கிடைத்ததில்லை.

பதினெட்டில் முன்வரிசை இருமியது. முப்பத்தைந்தில் நடுவரிசை. மாஸ்க்கை அழுத்திப் பிடித்தவர்களும் இருமினார்கள். நாற்பத்தொன்பதில், தடுப்புக்கெல்லாம் மேலாகத் தாண்டி வந்த நெடி கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. மருந்துக்கடைக்காரர் முதலில் தொண்டையைச் செருமினார், பிறகு கையை அவிழ்த்தார், பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து இருமு இருமென்று இருமினார். கடைக்காரி அடுப்பை அணைத்தாள். நெடியோ, அணைத்த பிறகும் போகிற வழியாக இல்லை.

எல்லாரும் வெளியே ஓடினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் ஆறியதும் அவர்களைப் பழைய கட்டடத்தின் ஓரத்து அறைக்கு அழைத்துப்போனாள். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கிற அறை. இரண்டு பக்கமும் மூன்று மூன்று ஜன்னல். எல்லாவற்றையும் விரியத் திறந்தாள். அதே அடுப்பு, அதே வாணலி, புதிதாக ஐந்து மிளகாய். இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரும் இந்தத் தடவை கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். யாரை நம்பினாலும் மிளகாயை நம்பத் தயாராக இல்லை.

ரேடியோ எண்ணினாள். ஐம்பது வந்தது, போனது. நூறு வந்தது. வாணலியை ஒட்டி நின்ற இரண்டு பேர் லேசாகச் செருமினார்கள். இருநூறு என்று சொல்லும்போது அவள் தொண்டைதான் வறண்டிருந்தது.

"அப்போ இந்த ரூம்ல உட்கார்ந்தா ஆபத்தே இல்லையா?" என்று ஒரு தாய் கேட்டாள்.

"இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேங்க" என்றாள் கடைக்காரி. "பக்கத்துல நின்னவங்க செருமினாங்களே, பார்த்தீங்கல்ல? மாஸ்க் போடணும், தள்ளி உட்காரணும், உடம்பு சரியில்லாத பிள்ளை வீட்டுல இருக்கணும், அது என் பிள்ளையா இருந்தாலும் சரி. ஆனா ஆபத்து எந்த வழியா வருதுன்னு தெரிஞ்சா அந்த வழியிலேருந்து பிள்ளைங்களை நகர்த்திடலாம். அப்பா என்ன வேலை, அம்மா என்ன வேலைன்னு பார்த்து நகர்த்தினா, கடைசியில யாரும் மிஞ்ச மாட்டோம். இப்பதான் எண்ணிப் பார்த்தோம்."

மருந்துக்கடைக்காரர் ஹாலை நோக்கித் திரும்பி நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அங்கிருந்து சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மனுஷன் நாற்காலி மேல் ஏறி நின்று ஜன்னல் டேப்பை இரண்டு கையாலும் பிய்த்துக்கொண்டிருக்கிறார். கண் இன்னும் சிவப்பாக இருந்தது. அது மிளகாயால் மட்டும் இல்லை.

"இந்த டேப்பை நானே என் கையால ஒட்டினேன்மா. என் பையனை இதுக்குள்ளதான் உட்கார வைக்க இருந்தேன். அவன் சாயங்காலம் வந்து நேரா எங்கம்மா மடியிலதான் விழுவான்." சொல்லிவிட்டு இன்னொரு டேப்பைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க அண்ணே. நானும்தானே மூலையில உட்கார வச்சேன்" என்றாள் கடைக்காரி. அவர் இழுத்த டேப்பின் மறுநுனியை அவளும் பிடித்து இழுத்தாள்.

பிறகு ஓட்டெடுப்பு என்று ஒன்று நடந்தது, அது பேருக்குத்தான். மூன்றாவது பத்தியைத் தலைமையாசிரியை எல்லார் முன்னாலும் பேனாவால் அடித்தார். ஒருத்தர் கையும் எதிர்த்து உயரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பெற்றோர்களே வந்து பழைய கட்டடத்தின் ஆறு அறைகளையும் கழுவி, துருப்பிடித்த ஜன்னல்களுக்கு எண்ணெய் விட்டார்கள். எண்ணெய்ப் புட்டியோடு ஏணி மேல் முதலில் ஏறியவர் சங்கத் தலைவர்தான். ரேடியோ கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், சனிக்கிழமை நடந்ததை ஆரம்பத்திலிருந்து அவருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பாவம், எங்கே இறங்கி ஓடுவார்?

திங்கட்கிழமை பட்டாணி சீருடை போட்டுக்கொண்டது. மடிப்பைப் பிரித்து நீளமாக்கியும் பாவாடை முட்டிக்கு மேலேதான் நின்றது. அதைப் பற்றி அது கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு நிமிஷம் நின்று கட்டடத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தது. "இவ்வளவு பெரிசாம்மா?" என்று கேட்டது. பதிலுக்குக் காத்திருக்காமல், எதிரே வந்த ஒரு பெண்ணோடு உள்ளே போய்விட்டது.

கடையில் வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஆனாலும் இரண்டு பேருக்கும் கால் நகரவில்லை. தெருவோரமாக, மதிலை ஒட்டி நின்றார்கள். இரண்டாம் வகுப்பின் ஜன்னல்கள் மூன்றும் தெருப்பக்கம் விரியத் திறந்திருந்தன. உள்ளே டீச்சர் வருகை எடுப்பது அட்சரம் பிசகாமல் கேட்டது. ஒன்பது, பத்து, பதினொன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பூனைக்குரல் "உள்ளேன்" என்றது.

"பன்னிரண்டு."

"உள்ளேன் டீச்சர்ர்ர்!"

மதில் மேல் இருந்த காக்கை பறந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. பதினைந்து மாதம் மூட்டைகளுக்கு நடுவே விரிசல் விட்ட போனைப் பார்த்துக் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, வேறு எப்படி வரும்?

டீச்சரும் சிரித்துக்கொண்டே சொன்னார், "அவ்வளவு சத்தம் வேண்டாம்டா கண்ணு. நான் இங்கதான் இருக்கேன்."

கடைக்காரி மதிலில் சாய்ந்து, முந்தானையால் மாஸ்க்கோடு சேர்த்து முகத்தை மூடிக்கொண்டு, விம்மி விம்மிச் சிரித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று சத்தம் போட வேண்டும் போல இருந்தது. ரேடியோவுக்குத்தான், வாழ்க்கையில் முதன்முறையாக, பேச ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் அண்ணியின் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே டீச்சர் பதின்மூன்று என்றார், இன்னொரு பிள்ளை அதைவிடச் சத்தமாக "உள்ளேன்" என்றது.